இருபத்திரண்டு டிகிரி, முப்பத்தொரு டிகிரி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் உன் கடைக்கு ‘அக்கா தங்கை சலவையகம்’ என்று பலகை மாட்டியது தப்பு. நான் கத்தியதும் தப்புதான்.

இங்கே ஆய்வகத்தில் நிலைமை சரியில்லை. நரம்புச் சவ்வில் இருக்கும் கொழுப்பு குளிர்ந்தால் இறுகும், சூடானால் இளகும். எந்தச் சூட்டில் இளகுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரே கொழுப்பு சில நாள் இருபத்திரண்டு டிகிரியில் இளகுகிறது, சில நாள் முப்பத்தொன்று கேட்கிறது. துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும், “உங்க வேலைல சுத்தம் இல்ல” என்றார். மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பிறகென்ன, நான் உன் கடைக்கே வந்துவிடுவேன், உன் பலகை பலித்துவிடும். சந்தோஷம்தானே?

தங்கை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

சந்தோஷம்தான், மறைப்பானேன். உனக்கென்று மேசைகூட வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் என் கையில் வளர்ந்தவளுக்குச் சுத்தமில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அந்த மனிதரின் சட்டைக் காலரை ஒருநாள் நான் பார்க்க வேண்டும்.

உன் கொழுப்பு எனக்குத் தெரியாததா! நரம்புக் கொழுப்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. ஆனால் சோப்பு தெரியும். அதுவும் கொழுப்பில் செய்வதுதானே. மழைத் தண்ணீரில் நுரை பொங்கும். போர்வெல் தண்ணீர் விட்டால் அதே சோப்பு திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும், வெந்நீருக்கும் லேசில் மசியாது. தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்கிறது என்பார் சோப்புக் கம்பெனிக்காரர். அலசிக் காயப்போட்ட கறுப்புத் துணியிலும் வெள்ளைக் கோடு நிற்கும். தண்ணீர்தான் காயும், உப்பு அங்கேயே இருக்கும். உன் கண்ணாடிக் குழாய்களை எந்தத் தண்ணீரில் அலசுகிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 27

என் அக்கா,

உன் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சி வடித்த நீர் எடுக்கும் கருவி எங்களுக்கும் பக்கத்து அறைக்கும் பொது. அவர்கள் முறை நாளில் நான் பொறுமையில்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். குறிப்பேட்டைப் புரட்டினால், முப்பத்தொன்று வந்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

தப்பு என்னுடையதுதான். வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக அலசினால் போதும், இடம் தப்பிவிடும். ஒருநாள் முழுக்க அப்படித்தான் யோசித்தேன். ஆனால் முப்பத்தொன்று எப்படி வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். தலைவர் முகம் கடுத்தது. “ஒரு வாரம் குடுங்க சார். கால்சியத்த நானே அளந்து போட்டுப் பாக்குறேன்” என்றேன்.

சுத்தமான கண்ணாடிக் குழாயில் இருபத்திரண்டு. துளி கால்சியம் சேர்த்ததும் இருபத்தாறு. இன்னும் கொஞ்சம், முப்பத்தொன்று. கால்சியத்தை விலக்கும் மருந்தை விட்டேன், மறுபடி இருபத்திரண்டுக்கு வந்து நின்றது! கால்சியம் அந்தக் கொழுப்பை நெருக்கிக் கட்டிவிடுகிறது, அக்கா. அது இளகக் கூடுதல் சூடு வேண்டியிருக்கிறது. மூன்று முறை செய்தும் எண் மாறவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “கட்டுரையா எழுதுங்க. உங்க பேரு முதல்ல வரட்டும்” என்றார். மூன்று வருடத்துக்கு என் இடம் உறுதி. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன்.

கட்டுரையின் கடைசியில் ‘தண்ணீரைச் சந்தேகிக்கச் சொன்ன சலவைக்கடை உரிமையாளருக்கு நன்றி’ என்று எழுதியிருக்கிறேன். தலைவர் புருவத்தை உயர்த்தினார். நான் மாற்றவில்லை.

இனி நான் கடை வேலைக்கு வரமாட்டேன். பலகையை மாற்றிவிடு. கோபிக்காதே.

தங்கை

ஜூலை 3

என் கெட்டிக்காரிக்கு,

துணி வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இஸ்திரிக்காரர் ஒரு சட்டையைக் கருக்கிவிட்டார். திட்ட மனம் வரவில்லை. சந்தோஷத்தில் அழுதேன். நீ வரமாட்டாய் என்பதற்கும் கொஞ்சம் அழுதேன். உன் வெள்ளைக் கோட்டுகளைப் பார்சலில் அனுப்பு, மழைத் தண்ணீரில் துவைத்துத் தருகிறேன்.

நேற்று பெயிண்டர் வந்தார். ஏணியில் ஏறி, ‘தங்கை’யை அழித்துவிடட்டுமா என்று கேட்டார்.

“வேணாம், எறங்குங்க. தங்கச்சி வேலையிலதான் இருக்கா. வெளியூர் கிளைய அவதான் பாத்துக்குறா” என்றேன்.

அக்கா