ஐந்தாம் நாள் ரிப்போர்ட்

ஹைதராபாத்

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா? நான் நலம்.

இன்று காலை ஃபஜ்ர் தொழுததும் முதல் வேலையாகத் தம்பி சஹீரின் பழைய ரத்தப் பரிசோதனை எண்களை எங்கள் ஆபீஸில் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். கொரோனா வந்தவர்களில் யாருக்கு உடம்பின் அழற்சி கட்டுமீறிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் அது. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் எண்களுக்கே ஆபத்து என்று சிவப்பு காட்டியது.

அதே ஐந்தாம் நாள்தான் அந்த டாக்டர், "ஆக்சிஜன் தொண்ணூத்தாறு இருக்குதுங்க அம்மணி. கூகுள் பாத்துப்போட்டு எனக்கே பாடம் எடுக்கறீங்களாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அவனை வீட்டுக்கு அனுப்பினார். பத்தாம் நாள் அடக்கம் செய்தோம்.

பயப்பட ஒன்றுமில்லை அத்தா. அடுத்த மாதம் இங்கே நடக்கும் கருத்தரங்குக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். புரோகிராமை மேடையில் விளக்கப்போவது நான். என் முகம் அவருக்கு நினைவிருக்காது.

நீங்கள் வாங்கும் டீத்தூள் அரைக்கிலோ அனுப்புங்கள். ஒருத்திக்காக டீ போடவே இங்கே மனம் வருவதில்லை. கூடவே, பீரோவில் இருக்கும் சஹீரின் டிஸ்சார்ஜ் சீட்டையும் வையுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
சமீரா

பி.கு. யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பெயரை மறைத்துச் சஹீரின் எண்களைத் திரையில் போடுவேன். "இவரை வீட்டுக்கு அனுப்பலாமுங்களா டாக்டர்?" என்று அவரையே கேட்பேன். கூடாது என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்ன பிறகு, அவர் கையெழுத்துப் போட்ட அந்தச் சீட்டைக் காட்டுவேன்.