கதவுக் கட்டையை இறக்கி அடித்திருக்கிறேன்

கெர்ட்ரூட்,

இப்போதுதான் கண்ணயர்ந்தாய், எழுப்பவில்லை. இன்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் துரை வருகிறார், காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸர் நான், போயே ஆக வேண்டும். கஞ்சிப் பானை கீழ்த்தட்டில், உன் கைக்கு எட்டும்.

உன் அண்ணன் காம்பார், அந்த எலும்பு வைத்தியனை இன்று கூட்டி வருகிறார். "ஒரே இழுப்புலா மச்சான், தோளு விட்ரும்!" என்று ஞாயிறன்று சிரித்தாரே, நீயும் தலையாட்டினாய். வலி உன்னுடையது, கோபித்தது என் தப்பு. ஆனால் தோட்டத்து இருளாயிக்கும் உன்னைப் போலத்தான் தோள் இறுகியிருந்தது. அந்த ஆள் இழுத்ததில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவன் நான். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

இறுகிய தோள் இழுப்புக்கு இளகாது. ஒத்தடம் கொடு. குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டு. சுவரில் விரலை ஏற்று. நேற்று உன் விரல் எட்டிய இடத்தில் போட்ட கரிக்கோட்டைத் தொட்டால் போதும். மாதக்கணக்காகும், ஆனால் இளகும்.

கதவுக் கட்டை உயரம் உனக்கு எட்டாதென்று நேற்று இடுப்பளவுக்கு இறக்கி அடித்தேன். படித்ததும் அதைப் போட்டுக் கதவை உள்ளிருந்து தாழிடு.

பி.கு.: பால்காரர் சொல்கிறார், உன் அண்ணனும் வைத்தியனும் நேற்றே சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்துவிட்டார்களாம். நான் வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கதவைத் தட்டுவது நானில்லை.

ஆம்புரோஸ்