மூன்றாவது கேட்டில் தேதே

ஜூன் 3, செவ்வாய்

பாராமாரிபோ நகரப் பெருமக்களுக்குத் துயரச் செய்தி: எங்கள் வகுப்பின் ஒரே நீலச் சாக்பீஸ் இன்று காலை பத்து மணியளவில் மறைந்தது. என் பையில் நலமாக இருக்கிறது. மலர்வளையம் வேண்டாம்.

மதியம் இரண்டு மணி, தெருவே சாப்பிட்டுக் குறட்டை விடும் நேரம். அண்டை வீட்டு முரியல் அத்தை, பல்தேவ் மாமா இருவர் கேட்டிலும் ஒரே சொல் எழுதினேன்: தேதே. அத்தையின் கிரியோல் பேச்சில் 'செத்தது'. பல்தேவ் மாமா வீட்டு இந்தியில் 'கொடு, கொடு'. எங்கள் ஜாவா வீட்டில் 'அல்ல' என்பதை மரியாதையாகச் சொல்வது. ஒன்றுக்கொன்று சொந்தம் கிடையாது, முகஜாடை மட்டும் ஒன்று!

மூன்றாவது கேட் பிரேசில்காரி ஸெனைதி அம்மாளுடையது; அவர்கள் பேச்சில் 'தோனா' ஸெனைதி. அங்கே தேதே என்றால் அவள் மகன். ஆற்றின் மேல்கோடிக்குத் தங்கம் தோண்டப் போனவன். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அதை மட்டும் தொடவில்லை. போக்கிரிக்கும் ஒரு எல்லை உண்டு.

ஜூன் 4, புதன்

வெற்றி! முரியல் அத்தை பேய் அண்டாமலிருக்கச் சொட்டு நீலம் கரைத்துக் கேட்டைக் கழுவினாள். என் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"சாலி, இனி யாராச்சும் கூப்பிட்டா ஒடனே 'என்ன'ன்னு கேக்காத. மூணாவது தடவை கூப்பிடட்டும். செத்தவங்களுக்கு ரெண்டு தடவைக்கு மேல மூச்சு கெடையாது."

பல்தேவ் மாமா குதித்தார். "கொடு கொடுவா? பிச்சைக்காரன்கூட மொகத்தக் காட்டிட்டுத்தான்டா கேப்பான்!"

"ஓட்டு கேக்கறவங்களா இருக்கும் மாமா," என்றேன்.

வகுப்புக் கூட்டாளி எர்வினிடம் மூன்று கேட்டிலும் எழுதியதாக அளந்துவிட்டேன். இரண்டை விட மூன்று கேட்க நன்றாயிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மூன்றாவது கேட்டிலும் இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

சாக்பீஸ் இல்லை. செம்மண் சேறு, விரலால் இழுத்தது. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சாம்பல் களியும் சிப்பியும்தான் வரும். செம்மண் ஆற்றின் மேலே, தங்கக் குழிகளில். ராத்திரி முழுக்க மழை, இந்த எழுத்து கரையவில்லை. காயவும் இல்லை. எர்வின் முதுகில் தட்டினான்: "சேறு ஐடியா பிரமாதம்டா!" இளித்தேன். வேறென்ன செய்ய?

முரியல் அத்தைக்கும் ஸெனைதிக்கும் சண்டை.

"அவன் போயிட்டான் ஸெனைதி. எட்டு நாள் துக்கம் உக்காந்து, பாட்டுப் பாடி அனுப்பி வை."

"ஒன் வாயில நீலத்தக் கரைச்சு ஊத்த! சின்னப் புள்ளையில எங்க சுத்திட்டு வந்தாலும் சேத்துக் கையால கேட்ல பேரு எழுதிட்டுத்தான் உள்ள வருவான். எம்புள்ள என்னைக் கூப்பிடறான்டி!"

ஞாயிற்றுக்கிழமை மகனைத் தேடிப் படகில் மேலே போகிறாளாம். ஆறு கரை புரண்டு ஓடுகிறது. போன வாரம் பாறைகளுக்கு நடுவே ஒரு படகு கவிழ்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஜூன் 7, சனி

போய்ச் சொன்னேன். "நான்தான் எழுதினேன் தோனா. மூணு கேட்லயும்." எர்வின் வேறு பெருமையாகச் சாட்சி சொன்னான், பாவி.

என் சுட்டுவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது குச்சியாட்டம் இருக்கு. அந்த எழுத்து எவ்வளவு பட்டை!"

"ரெண்டு விரலச் சேத்து எழுதினேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

அறைவாள் என்று நினைத்தேன். மூட்டையை அவிழ்த்தாள். மகனுக்கென்று மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து நீட்டினாள். "அப்ப அவன் கூப்பிடல. தொடச்சுடு."

துடைத்தேன். சிவப்பு இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

படகு போய்விட்டது. அவள் போகவில்லை. அப்பாவின் பெல்ட் பற்றி விவரம் வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

சேற்று எழுத்து தென்பட்டதிலிருந்து எட்டாம் நாள். முரியல் அத்தை ஆட்களைக் கூட்டி வந்து பாடினாள். அவனுக்கென்று ஒரு தட்டு தனியாக வைத்தார்கள். ஸெனைதி அழவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கொன்றுவிட்டேனா அவனை?

ஜூன் 14, சனி

இன்று மதியம் இரண்டு மணி. என் சன்னலுக்கு நேர் எதிரே ஸெனைதியின் அடுப்படி. கேட்டுப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி.

"அம்மா!"

ஒன்று. அகப்பை கீழே விழுந்தது. 'நீயா?' என்று அவள் கண் என்னைக் கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அது நான் இல்லை, அந்தச் சேற்று எழுத்தும் நான் இல்லை — அத்தனையும் அந்த ஒரு ஆட்டலில் சொன்னேன். புரிந்துகொண்டாள்.

"அம்மா!"

இரண்டு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மூன்றாவதுக்காக நின்றாள்.

தெருவையே ஆட்டி வைத்தவன் என்ன செய்தான்? வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மூன்றாவது வந்ததா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்து பார்த்தபோது அவள் கேட் திறந்து கிடந்தது. வாசலிலிருந்து அடுப்படி வரை செம்மண் கால்தடம். உள்ளே எண்ணெய் காயும் வாசனை. "எத்தனை சாப்பிடுவ? நாலு போதுமா?" என்று யாரையோ கேட்டாள்.

பதில் வருவதற்குள் மறுபடி காதைப் பொத்திக்கொண்டேன்.