பலகை அறை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்தது. இனி அந்த வீட்டில் இருக்க முடியாது, வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, "வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அம்மா கடிதத்தை அடுக்களை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "வெளில யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். நான் யாரிடம் பேசப் போகிறேன்? உனக்குத் தெரியாதா?

நம் கட்டடத்தை இடிக்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாயே, அது வீண் போகவில்லை. கடைத்தெருவில் இருக்கிற பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் பாதுகாக்கப் போகிறார்களாம். பொத்தான் கடைக்காரம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எல்லாம் நம்ம டெய்லர் பொண்ணு செஞ்ச வேலை" என்கிறார். முன்பக்கம் முழுக்கச் சாரம் கட்டிப் பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பா தைக்கிற சட்டைகளுக்குக் காஜா போடுவதுதான் என் வேலை. இப்போது துணியில் விழும் தூசியை உதறுவதே பாதி வேலையாகிவிட்டது.

சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். பால்கனியைப் பலகையால் அடைத்து அப்பா உனக்குக் கட்டித் தந்த அறை இப்போது இல்லை அக்கா.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு பெண் இன்ஜினியர் பழைய போட்டோ ஒன்றோடு மாடிக்கு வந்தார். கட்டடம் முதலில் இருந்த மாதிரியே ஆக வேண்டுமாம். "இந்தப் பலகை ரூம் அப்ப இல்லையே சார்" என்றார். அப்பா, "அப்ப நானுந்தான் இல்ல. என்னையும் கழட்டிருவீங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். நல்ல மாதிரிதான். "இதுல யாராவது தங்குறாங்களா? தங்குனா பதிலுக்குப் பின்பக்கம் ஒரு ரூம் குடுக்க வழியிருக்கு" என்று அவரே சொன்னார்.

அம்மா முந்திக்கொண்டாள். "யாருமில்லம்மா. பெரியவளுக்குக் கட்டினது. அவதான் கல்யாணமாகி ராஜாத்தியாட்டம் இருக்காளே." அப்பா வாயைத் திறந்தார். கூடவே வந்திருந்த பொத்தான் கடைக்காரம்மாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. பின்பக்கத்து அறையை வேறு குடித்தனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வேலையாட்கள் உடைக்க வேண்டாமென்று பலகைகளை அப்பாவே கழற்றினார். ஆணியைக்கூட வளைக்காமல் எடுத்தார். அன்று முழுக்க மெஷினில் உட்காரவில்லை. அந்தப் பக்கத்துச் சாரத்தை மட்டும் பிரித்துவிட்டார்கள்; பால்கனி இப்போது போட்டோவில் இருப்பது போலவே அழகாக இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க மனசு வரவில்லை.

நீ கட்டடத்தைக் காப்பாற்றியதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துவிடாதே. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நேற்று பொத்தான் கடைக்காரம்மா வழக்கம்போல உன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "பெரியவ வரா. இனிமே எங்ககூடதான் இருப்பா" என்றாள். அவர் கையிலிருந்த பொத்தான் அட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "வரட்டும், பொறந்த வீடுதானே" என்றார். அம்மா உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருக்கிற ஒரே அறையில் நாலு பேரும் படுத்துக்கொள்ளலாம். நான் சுவரோரமாகச் சுருண்டுகொள்வேன். நீ இருட்டின பிறகு வர வேண்டாம் அக்கா. கடைகள் எல்லாம் திறந்திருக்கும்போதே, முன்வாசல் வழியாக வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தங்கை