ஏழாம் கூறு

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் என் தங்கையும் நலமாகத்தான் இருப்பீர்கள்; உங்களுக்கென்ன குறை?

துறையின் ஆய்வறிக்கை வந்தது. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் புரட்டிவிட்டேன். என் பெயர் இல்லை. நூலகர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வேலை உங்களோடது, பேரு மட்டும் லீவுல போயிருக்கா?" என்றார். சிரித்து வைத்தேன்.

சரிவில் அரித்த மண் ஆறுவரை போகிறதா, வழியில் நின்றுவிடுகிறதா என்று அறியத்தான் நிலத்தைக் கூறு கூறாகப் பிரிக்கிறோம். பிரித்தது யார்? இரண்டு கோடை, செருப்புத் தேய நடந்தவன் நான். நீங்கள் ஏ.சி. அறையில் திரையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருந்தீர்கள். இருபத்திரண்டில் இருபத்தொன்று அப்படியே என்னுடையவை. ஏழாம் கூறு மட்டும், தடுப்புச்சுவர் மண்ணை நிறுத்தும் அந்தச் சமதளம், ஆற்றோடு தொடர்புள்ளது என்று மாறியிருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

துறைத்தலைவர் பதவிக்கும் என்னை மிதித்துத்தான் ஏறினீர்கள். தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன். இனி மாட்டேன். திருத்தம் வராவிட்டால் துணைவேந்தருக்கு எழுதுவேன்.

மச்சான்

மார்ச் 11

மச்சானுக்கு வணக்கம்.

கடிதத்தைப் படித்த உங்கள் தங்கை, "அண்ணன்கிட்ட இன்னுமா சொல்லல நீங்க?" என்றாள். தயங்கிவிட்டேன்.

முதல் வரைவறிக்கையில் இருந்த 'சுவரைத் தாண்டி மண் போகாது' என்ற உங்கள் வரியைக் காட்டி, மேலே கல்குவாரிக்கு அனுமதி வாங்கிவிட்டார்கள். போன மழையில் சேறு ஆற்றில் இறங்கி, குடிநீர் நிலையம் ஒன்பது நாள் மூடிக்கிடந்தது. போய்ப் பார்த்தேன். சுவரின் பின்பக்கம், ஆள் நுழையும் அகலத்தில், ஆற்றுக்கு இறங்கும் பழைய வடிகால்.

ஏழாம் கூறை அப்படி வரைந்தது யார் என்று விசாரணைக் குழு கேட்கிறது. அறிக்கையில் பெயர் இல்லையென்றால் துறைத்தலைவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்பக்கம் பார்க்காமல் கோடு போடுகிறவர் இல்லை நீங்கள். எப்படித் தப்பியது?

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

அன்று முட்டி வலி. பின்பக்கம் போக அரை மணி நேரம் சுற்றி நடக்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தேன். காய்ந்த சேறு சுவரோடு நின்றிருந்தது. களக்குறிப்பில் 'இருபுறமும் பார்த்தேன்' என்று எழுதினேன்.

யாரைக் கேட்டு என் பெயரை எடுத்தீர்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. என்னை ஒளித்துவைத்துக் காப்பாற்ற நீங்கள் யார்? அதுவும் ஒரு மிதிதான்.

குறிப்பேட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஏழாம் கூறு என்னுடையது. குழுவிடம் என் பெயரைக் கொடுங்கள். தலைப்பெழுத்தோடு, முழுப் பெயர்.

முட்டி எப்படி இருக்கிறது என்று தங்கை கேட்டால், தேவலை என்று சொல்லுங்கள்.

மச்சான்