நம்ம ஆளுதானே

மார்ச் 3, செவ்வாய்

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆபீசுக்கு இன்று ஒன்றேகால் மணி நேரம். அம்பத்தூர் ஓ.டி. நெரிசலிலேயே பாதி உயிர் போய்விட்டது. மீதியைப் பக்கத்து சீட் பிரசன்னா எடுத்தான்: "சுரேகா, காலைலேந்து டயாலிசிஸ் லைன் புட்டுக்குச்சு."

எங்கள் மென்பொருளுக்கு ஒரே வேலைதான். பூந்தமல்லி டயாலிசிஸ் சென்டருக்கு நோயாளி வந்ததும் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வரிடம் போய் அனுமதி வாங்கி வர வேண்டும். அந்தக் கம்பெனி நேற்று தன் சர்வரின் அடையாளச் சான்றிதழை மாற்றிவிட்டது. புதியதில் கையெழுத்துப் போட்டது ஊரறிந்த நிறுவனமில்லை, அவர்களுடைய சொந்த ஏற்பாடாம். எங்கள் மென்பொருள் ஓடும் பெட்டிகளான கன்டெய்னர்களுக்கு அந்தக் கையெழுத்தே தெரியாது. தெரியாதவனோடு பேச மாட்டேன் என்று நிற்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் சரி.

மேனேஜர் சிவராமனைக் கேட்டால் சரியில்லை. "சரிபார்க்குறதையே ஆஃப் பண்ணிடும்மா. நம்ம ஆளுதானே."

நடுவில் வேறு எவனாவது ‘நான்தான் காப்பீட்டுக் கம்பெனி’ என்று நின்றால் நோயாளிகளின் விவரமெல்லாம் அவனுக்குப் போகுமே என்றேன். சிரித்தார். "மாசக் கடைசில உன் பெர்மனன்ட் பேப்பர்ல நான்தானே கையெழுத்துப் போடணும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மூன்று வருடமாகக் கழுத்தில் ஒப்பந்த ஊழியரின் மஞ்சள் நாடா. நிரந்தர ஊழியரின் நீலம் கிடைத்தால் சேலத்தில் இருக்கும் அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. தெரிந்துதான் சிரிக்கிறார்.

மார்ச் 4, புதன்

காப்பீட்டுக் கம்பெனியில் சுலைமான் என்பவரிடம் அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்டும் மூலச் சான்றிதழைக் கேட்டேன். "எங்க போர்ட்டல்ல இருக்கு மேடம், டவுன்லோட் பண்ணிக்கோங்க." போர்ட்டலைத் திறந்தால் — ‘இந்தத் தளத்தை நம்ப இயலாது’. அதற்கும் அதே கையெழுத்து! பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

மெயிலில் அனுப்பச் சொன்னேன். வந்தது. மெயிலை மட்டும் எப்படி நம்புவது? ஒப்பந்தத்தில் இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டு, சான்றிதழின் கைரேகையை, அதாவது அதற்கே உரிய எழுத்து வரிசையைப் படிக்கச் சொன்னேன். அறுபத்து நாலு எழுத்து. பாவம், மனிதர் படித்தார். நான் ஒவ்வொன்றாக டிக் போட்டேன்.

"இன்னா சுரேகா, ஜாதகம் பாக்குறியா?" என்றான் பிரசன்னா.

பத்துப் பொருத்தமும் இருக்குடா என்றேன்.

மார்ச் 5, வியாழன்

ஓடுகிறது! சிவராமன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அவசரத்தில், ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள் கையாலேயே சான்றிதழைப் போட்டுவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனால் அது போய்விடும். கன்டெய்னர் எதிலிருந்து உண்டாகிறதோ அந்த இமேஜில் போட்டால்தான் நிற்கும். எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை செய்துகொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைக்கும்போது இமேஜ் ஞாபகம் வந்தது. தூங்கிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

காலை ஆறு மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. சான்றிதழ் போயே போச்சு.

சென்டரிலிருந்து நர்ஸ் பூங்காவனம்: "இன்னாம்மா நீ? சரியாய்ட்ச்சுன்னு சொல்லி நாலு நாள் ஆவல. பேஷன்ட்டு குந்திகினு கீறாரு, அப்ரூவல் வர்ல. நான் போன்ல கெஞ்சிகினு கீறேன்."

தப்பு என்னுடையது. அறிவு கெட்டவளே, பஜ்ஜி தின்ற நேரத்தில் செய்திருக்கலாமே!

சிவராமன் வந்தார். பத்தே நிமிடத்தில் சரிபார்ப்பை அணைத்தார். ஓடியது. சாயங்கால மீட்டிங்கில் கைதட்டல். எனக்கில்லை.

மார்ச் 11, புதன்

இமேஜில் முறையாகப் போட்டாயிற்று. சோதனைக்காக நாலு முறை கன்டெய்னரைக் கொன்றேன். நாலு முறையும் சான்றிதழோடுதான் எழுந்து வந்தது. இனி சரிபார்ப்பைத் திரும்பப் போடலாமே என்றேன்.

"ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்துறே?" என்றார் சிவராமன்.

மார்ச் 20, வெள்ளி

டயாலிசிஸ் சென்டர்காரர்கள் பாதுகாப்புத் தணிக்கைப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நிரப்ப வேண்டியது நான். பதினேழாவது கேள்வி: ‘வெளிச் சேவைகளின் சான்றிதழ் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படுகிறதா? ஆம் / இல்லை.’

சிவராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆம்னு போடு. உன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு."

திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா போன். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திட்டவாவது திட்டியிருப்பேன்.

பயமாக இருக்கிறது. ஒரு டிக். ஒரே ஒரு டிக். யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 23, திங்கள்

‘இல்லை’ போட்டு அனுப்பிவிட்டேன்.

பிரசன்னா எட்டிப் பார்த்தான். "செம கெத்து. ஆனா நீ காலி."

மார்ச் 24, செவ்வாய்

குட் மார்னிங் சொன்னேன். சிவராமன் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 26, வியாழன்

தணிக்கைக்காரர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. ‘இல்லை’ என்று சொன்னதற்கு ஒரு பொறுப்பாளரின் பெயர் வேண்டுமாம். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் அவர்தான் நேரில் வந்து விளக்க வேண்டும். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘பொறுப்பாளர் நிரந்தர ஊழியராக இருத்தல் அவசியம்.’

எங்கள் டீமில் பிரசன்னாவும் மஞ்சள்தான். நீல நாடா ஒரே கழுத்தில்தான் தொங்குகிறது, சிவராமனுடையதில்.

மூன்று மணிக்குள் சிவராமன் அந்த மெயிலை ஆறு முறையாவது படித்திருப்பார்.

மார்ச் 30, திங்கள்

நிரந்தர ஊழியர் ஆணை வந்துவிட்டது. சிவராமன் கையெழுத்தின் கீழே தேதி பார்த்தேன்: மார்ச் 26. தணிக்கைக்காரர்களுக்குப் போன பதிலில் பொறுப்பாளர் பெயர்: சுரேகா. அம்மாவிடம் சொன்னேன். "உங்க மேனேஜர் தங்கமான மனுஷன்டி" என்றாள். ஆமாம்மா என்றேன்.

பத்து மணிக்குச் சரிபார்ப்பைத் திரும்பப் போட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. பூங்காவனத்திடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் கீது. ஏம்மா, இன்னா பண்ண?"

மத்தியானம் எச்.ஆர். பவ்யாவிடம் போனேன். நீல நாடா ஸ்டாக் இல்லையாம். என் டிகிரி ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் செருகினாள். படிவத்தில் ‘ஒரிஜினலுடன் சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது.

"ஒரிஜினல் பார்க்கலியா?"

"எதுக்குங்க? நம்ம ஆளுதானே."

ஒரிஜினலைப் பையிலிருந்து எடுத்து அவள் மேசைமேல் வைத்தேன். அவள் பார்த்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.