வைக்கோல் போடாத பாத்தி

டுபுக், அயோவா
ஏப்ரல் 9, 1977

அன்புள்ள மார்லிஸ்,

நலமா? உன் கையின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று தம்பி டேல் சொன்னான். சந்தோஷம். நான் இன்னும் அவன் வீட்டு மாடியறையில்தான் கிடக்கிறேன். அவன் மனைவி வாரம் முழுக்க டூனா மீனையும் நூடுல்ஸையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிறாள். உன் சமையலுக்கு நாக்கு ஏங்குகிறது.

ஜனவரி முழுதும் பனி விழுந்து மூடாமல் வெறுங்குளிர் மண்ணைப் பிளந்ததே, நம் பூப்பாத்தி என்ன ஆயிற்று? குளிர் படாமல் பாத்தியை மூட வைத்திருந்த வைக்கோலைப் பக்கத்து வீட்டுப் பியூலாவின் கன்றுக்குட்டிக்கு நீ தூக்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காது. போகட்டும். நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு.

லில்லித் தூர்களைத் தோண்டிப் பிரித்து நடு. அம்மா கொடுத்த பியோனிப் பூச்செடியை மட்டும் தொடாதே. வசந்தத்தில் அதன்மேல் இரும்பு படக் கூடாது. செப்டம்பரில் நானே பிரிக்கிறேன். நீ சிகாகோவிலிருந்து வந்த புதுப்பெண்ணாக, அம்மா தந்த முதல் செடிக்கு "ரொம்ப நன்றிங்க அத்தை" என்றாயே! செடி தந்தவருக்கு நன்றி சொன்னால் அது செத்துப்போகும் என்பதுகூடத் தெரியாத பெண்ணா என்று ஊரே சிரித்தது. அது செத்தும் போயிற்று. அம்மா பெரிய மனசோடு இன்னொன்று தந்தாள், அதுதான் இந்தப் பியோனி.

மே கடைசியில் நினைவு நாளுக்கு அம்மா கல்லறையில் பூ வைக்க வேண்டும். அப்படியே வீட்டோடு வந்துவிடுகிறேன். "வா" என்று ஒரு வரி எழுது.

உன் அன்புக் கணவன்,
ஆரின்


டெகோரா
ஏப்ரல் 24

ஆரினுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. நீ மறந்துவிட்டாய் என்பதால் எழுதுகிறேன்: மண்வெட்டிக் காம்பால் அடித்தாய். முதல் அடியிலேயே விழுந்துவிட்டேன். அடுத்தது, கீழே விழுந்து கிடந்தவள்மேல். அந்த நன்றிக் கதையிலும் நடுவே ஒன்றை விட்டுவிட்டாய். செடி செத்த அன்று என் கன்னத்தில் அறைந்தாயே, அதுதான் நீ என்னை அடித்த முதல் அடி. உன் அம்மா பார்த்துக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள்.

பாத்தியில் பாதி அழுகல். உறைந்த மண் வேர்களை வெளியே பிதுக்கித் தள்ளியிருந்தது. லில்லிக் கிழங்குகளை வயல் எலிகள் குடைந்திருந்தன. ஒன்று ஓடியது, மண்வெட்டியால் அடித்துக் கொன்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பியோனி நடுவில் செத்துக் கறுத்திருந்தது, ஓரத்தில் மட்டும் சிவப்பு முளைகள். செப்டம்பர்வரை விட்டால் அழுகல் அங்கேயும் ஏறும். மண்வெட்டியால் பிளக்க என் கைக்கு ஆகாது என்று பியூலா கோடாலி கொண்டுவந்து கொடுத்தாள். நான் பட்டும் படாமலும் வெட்டுவதைப் பார்த்து, "ஏண்டி, கேக்கா வெட்டுறே? ஓங்கிப் போடு! அவன் மூஞ்சின்னு நெனச்சுக்கோ" என்றாள்.

நினைத்துக்கொண்டேன். உன் முகம், முழங்கால், அந்த வலது கை. வேர் பிளந்து தெறிக்கும்வரை போட்டேன். செத்த நடுவை எடுத்து எரித்தோம். பியூலா தனக்கு ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, நன்றி என்று மட்டும் சொல்லாமல், என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

"வா" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷம் உன்னோடு வாழ்ந்தவள், சில நாள் காலையில் இரண்டு கோப்பை காபி ஊற்றிவிடுகிறேன். அதற்கும் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. என்னை யோசிக்க விடு.

மார்லிஸ்


டுபுக்
மே 8

மார்லிஸ்,

வசந்தத்தில் பியோனியைக் கோடாலியால் வெட்டினாயா? பைத்தியம்கூட அதைச் செய்யாது. படித்ததும் டேல் வீட்டுக் கதவில் குத்தினேன், பலகை உடைந்துவிட்டது. நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் கோடாலியைப் பிடுங்கி... வேண்டாம். அந்தக் கிழவி பியூலாவின் பல்லை ஒரு நாள் கையில் எடுத்துக் கொடுக்கிறேன்.

பார், என்னை எப்படியெல்லாம் எழுத வைக்கிறாய். நான் மாறிவிட்டேன், மார்லிஸ். டேலைக் கேட்டுப் பார்.

அம்மாவின் பியோனி இவன் தோட்டத்திலும் உண்டு. போன செப்டம்பரில் பிரித்துத் தொட்டியில் வைத்திருந்த ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் அனுப்புகிறேன். முளைக்கு மேல் இரண்டு விரல் மண்தான் இருக்க வேண்டும், ஆழம் கூடினால் பூக்காது. இது என் சமாதானம். இந்தச் செடி நின்றால் நாமும் நிற்போம் என்று வைத்துக்கொள். பழையபடி சிகாகோக்காரி மாதிரி எதையாவது உளறிக் கொன்றுவிடாதே!

பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் 28ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அது என் வீடு.

ஆரின்


டெகோரா
மே 22

ஆரினுக்கு,

செடி வந்தது. வாசல் படிக்கு வலப்பக்கம், நல்ல வெயில் விழும் இடத்தில் நட்டேன். முளைக்கு மேல் இரண்டு விரல் மண். நிறையத் தண்ணீர் ஊற்றினேன். நடவில் குறை சொல்ல உனக்கு இடம் வைக்கவில்லை.

நான் வெட்டிய துண்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாம் இலை விட்டுவிட்டன. இந்த வருஷம் பூக்காது. பரவாயில்லை, நான் இங்கேதான் இருப்பேன்.

பூட்டை மாற்றிவிட்டேன். உன் துணிமணிகளை டேல் வந்து எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை வக்கீலிடம் போய் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டேன். கை கோணல், கையெழுத்து நேராகத்தான் விழுந்தது. சனிக்கிழமை நீ வந்தால் வாசலில் பியூலா துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பாள். "குண்டு போட்டே வச்சிருக்கேன்னு எழுதுடி. கெழவிக்குக் கண்ணு மங்கல், எங்க படும்னு சொல்ல முடியாதுன்னும் சேத்து எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன். கோடாலி என் பக்கத்தில் இருக்கும்.

உன் அம்மா கல்லறைக்கு நானே போகிறேன். அந்த பீன்ஸைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டும்.

இந்தச் செடி நின்றால் நாமும் நிற்போம் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் ஊற்றி முடித்ததும் அதன் எதிரே நின்று, வேலிக்கு அப்பால் பியூலாவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். உனக்கும் எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய செடிக்கு நன்றி, ஆரின். ரொம்ப நன்றி.

மார்லிஸ்